பதினோராம் எண் கூண்டு

போன மாதம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. ஆந்திரக் கரையில் அந்தப் பெரிய புயல் அடித்த பிறகு, கடற்கரை மாவட்டங்களில் எல்லாம் ஒரு குழு அமைக்கிறார்கள். புயல் வரும் என்று தெரிந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்க வேண்டும், லாரி யார் கொடுப்பது, அரிசி எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது அந்தக் குழுவின் வேலை. புயல் கூண்டு ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது வந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். போலீஸ், வருவாய்த் துறை, மீன்துறை, மின்வாரியம் என்று நிறைய அதிகாரிகள். கடற்கரை ஊர்களில் அபாயச் சைரன் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. எல்லாருக்கும் சம்மதம். அப்போது ஒருவர் சொன்னார்: "சைரன் சும்மாவே இருந்தா துருப்பிடிச்சிடும். தினமும் மத்தியானம் ஒரு தடவை ஊதச் சொல்லலாம். ஜனங்களுக்கும் நேரம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "என்ன அண்ணாச்சி, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மீன்துறை அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்தார். "சொல்ல வந்தது வேற ஏதோ. பேச வரலைன்னா எழுதிக் குடுங்க" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள்.

குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே பனங்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தேன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தேன், உப்பளத்தில் கூலி வேலை பார்த்தேன். பிறகு தூத்துக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய துறையில் கயிறும் வடமும் இழுக்கிற கலாசி வேலை கிடைத்தது. அந்தத் துறையின் பெயரை எழுதவில்லை. அதில் சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. வலது தோள் இறங்கிப்போய் வடம் இழுக்க முடியாமல் ஆகும் வரை அங்கேதான் வேலை பார்த்தேன்.

துறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். உப்புத் தோணிகள் வந்து போகக் கடலுக்குள் நீட்டிய ஒரு கற்பாலம், ஓடு போட்ட ஒரு ஆபீஸ், ஒரு கொட்டகை, ஒரு மோட்டார் லாஞ்சு, ஒரு கொடிமரம். அவ்வளவுதான். அந்தக் கொடிமரத்தில் கூண்டு ஏற்றுவது மூத்த கலாசி பிச்சையா அண்ணாச்சிக்கும் எனக்கும் உரிய வேலை. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, கித்தான் துணி போர்த்தி, மேலே தார் பூசினால் அது கூண்டு. சில கூம்பு மாதிரி இருக்கும், சில பீப்பாய் மாதிரி. எது மேலே, எது கீழே என்பதை வைத்து ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள் உண்டு. எண் கூடக் கூட ஆபத்து கூடும். பதினொன்று மட்டும் வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் துறை அதிகாரி முன்பு கப்பலில் இருந்தவர், சென்னைக்காரர். கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். வானிலை ஆபீசிலிருந்து தந்தி வந்தால் நின்றுகொண்டே படிப்பார். படித்ததும் தொப்பியை எடுத்துத் தலையில் வைப்பார். தொப்பி இல்லாமல் அவர் எண் சொல்லி நான் பார்த்ததில்லை. எண்ணைச் சொன்னதும் நாங்கள் இருவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்தக் கூண்டு மேலே, எந்தக் கூண்டு கீழே என்பதையும் சொல்ல வேண்டும். என் குரல் சின்னது. "எனக்குக் கேட்டாப் போதாது சுடலை. காத்துக்கும் கேக்கணும். திருப்பிச் சொல்லு" என்பார். சத்தம் வரும் வரை விடமாட்டார். ஆனால் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. சாதாரணமாக, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரைத் தட்டிப் பார்ப்பது போல, என்னையும் தட்டிப் பார்ப்பார்.

பிச்சையா அண்ணாச்சி வடத்தை இழுப்பார். கூண்டு காற்றில் ஆடி மரத்தில் மோதாமல் அடிக்கயிற்றை நான் பிடிப்பேன். கூண்டு மேலே நின்றதும் கேப்டன் கற்பாலத்தின் நுனி வரை நடந்து போவார். அங்கிருந்து திரும்பி அண்ணாந்து பார்ப்பார். கப்பல்காரன் கண்ணுக்கு அது சரியாகத் தெரிகிறதா என்று கடல் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் ஆபீசுக்குள் போவார். மழை கொட்டினாலும் அந்த நடை தவறியதில்லை.

கூண்டு தொங்கும் நாட்களில் எங்களுக்குக் கிடைப்பது வசவுதான். கடலுக்குப் போகக் கூடாது, ஆனால் வானம் தெளிவாக இருக்கும். மீனவர் தெருப் பெண்கள் கூடையோடு வந்து கொடிமரத்தடியில் நிற்பார்கள்.

"யோவ் கூண்டுக்காரரே, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. ஒம்ம கூண்டு மட்டும் எதுக்குய்யா தொங்குது?"

"ஏளா, ஏத்தச் சொன்னா ஏத்துவேன், எறக்கச் சொன்னா எறக்குவேன். வானம் என்ன எங்க மாமனார் வீடா, நான் போய்க் கேட்டுட்டு வர?" என்பார் பிச்சையா அண்ணாச்சி. நான் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

துறை வாசலில் ஆப்பமும் சுக்குக் காப்பியும் விற்ற சலோமிக்கு என்னைக் கேலி செய்யாமல் பொழுது போகாது. "அண்ணாச்சி, ஒங்க வாய்க்கும் ஒரு கூண்டு ஏத்தி வச்சிருக்கியளோ? எப்பதான் எறக்குவிய?" என்பாள். நான் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடிப்பேன். அவள் புருஷன் மிக்கேல் சங்கு குளிக்கும் வள்ளத்துக்குத் தண்டல், அதாவது அந்த வள்ளத்தை நடத்துகிறவர். அவர் என்னை விடக் குறைவாகப் பேசுவார். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் காப்பி குடித்துவிட்டு எழுந்து போவோம். அதற்கும் சலோமி சிரிப்பாள்.

இங்கே எங்கள் துறையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இறக்கிய கூண்டுகள் ஈரமாக இருக்கும். கொட்டகைக்குள் வைத்தால் கித்தான் பூஞ்சை பிடித்து நாறும். தரையில் பரப்பினால் தாரில் மணல் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கூண்டு கனத்துவிடும். அதனால் கூண்டை இறக்கிய மறுநாள், வெயில் இருந்தால், ஈரக் கூண்டுகளை அதே கொடிமரத்தில் தூக்கிக் காயவிடுவோம். எந்த எண்ணுக்கும் சேராத மாதிரி தாறுமாறாகக் கட்டுவோம். கடல் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம். கேப்டனுக்கும் தெரியும். துறைக்குள் கப்பல் எதுவும் இல்லாதபோது மட்டும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூண்டு காயுது, இனிமே பயமில்ல என்று கரையில் பேசிக்கொள்வார்கள்.

புதுத் துறைமுகம் திறப்பதற்கு முந்திய காலம் அது. கார்த்திகை மாதம். ரெண்டு நாளாக மூன்றாம் எண் தொங்கியது. மழை பெய்தது, காற்று இல்லை. பிறகு தந்தி வந்தது: தாழ்வு நிலை இலங்கைப் பக்கம் போகிறது, இறக்கலாம். இறக்கினோம். மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது, ஈரக் கூண்டுகளை இன்னும் தூக்கிக் காயப்போடவில்லை. மீன் வள்ளங்கள் கரையோரமாகவே போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டன. சங்கு குளிக்கப் போன மூன்று வள்ளங்கள் மட்டும் தூரத்தில் நின்றன. அங்கிருந்து பார்த்தால் எங்கள் கொடிமரம் தெரியும். அவர்களும் அவ்வப்போது அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள்.

முற்பகலில் கேப்டன் பாரோமீட்டர் முன்னால் நீண்ட நேரம் நின்றார். தட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார். பாதரசம் இறங்கிக்கொண்டே இருந்தது, வானிலை கெடப்போகிறது என்பதற்கு அது அடையாளம். சென்னைக்குத் தந்தி கொடுக்க ஆள் அனுப்பினார். வடக்கே எங்கோ கம்பி அறுந்துவிட்டது, தந்தியும் போகாது, டெலிபோனும் போகாது என்று தபால் ஆபீசிலிருந்து பதில் வந்தது. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பார்த்தார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார்.

"பதினொன்று" என்றார்.

நாங்கள் அதுவரை பதினொன்று ஏற்றியதே இல்லை, ஊரில் யாரும் அதைப் பார்த்ததும் இல்லை. வானிலை ஆபீசோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரலாம் என்று இங்கே இருக்கும் அதிகாரி நினைக்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். தந்தி இல்லாமல் துறை அதிகாரி தன் பொறுப்பில் ஏற்றக்கூடிய எண் அது ஒன்றுதான். திருப்பிச் சொன்னோம். ஏற்றினோம். கேப்டன் பாலத்தின் நுனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் கொடிமரத்தடிக்கு வந்தபோது வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சலோமி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, வெயில் நல்லா அடிக்கோ? கூண்டெல்லாம் காயப்போட்டாச்சு போல!"

"என்ன சொல்றா?" என்று கேப்டன் கேட்டார். அவருக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரியும். நான் சொன்னேன். சத்தமாகச் சொல் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. சலோமி நின்ற இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடல்ல இருக்கறவங்களும் அப்படித்தான் நினைப்பாங்களா?"

சலோமியின் கையிலிருந்த சட்டி அப்படியே நின்றது.

"அப்போ காயப்போடலியா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. தந்திக் கம்பி அறுந்துபோச்சு. புயல் வருதா இல்லியான்னே தெரியல. வரும்னுதான் நெனைச்சுக்கிடணும்."

"எங்க வீட்டு ஆளு அங்கன கெடக்காவளே அண்ணாச்சி" என்றாள். உடனே கேப்டனிடம் திரும்பினாள். "ஐயா, அவியளுக்குத் தெரிஞ்ச கூண்ட ஏத்துங்கய்யா. நாலாம் நம்பரு. அதக் கண்டா நங்கூரக் கயித்த அறுத்துப் போட்டுட்டு ஓடி வந்துருவாவ."

பிச்சையா அண்ணாச்சியும் "ஏத்திரலாம்யா" என்றார்.

கேப்டன் தலையை அசைத்தார். "நாலாம் எண்ணுக்கு உரிய புயல் வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஏத்த மாட்டேன். நமக்கு ஒண்ணும் தெரியலைங்கறதுதான் இப்ப உண்மை. பொய்யா ஒரு தடவை ஏத்தினா, அப்புறம் இந்த மரத்துல எது தொங்கினாலும் அது ஈரக் கித்தான்தான்."

அது சரியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சரி என்று தோன்றும் நாளும் உண்டு. தோன்றாத நாளும் உண்டு.

லாஞ்சை எடுக்கச் சொன்னார். லாஞ்சு ஓட்டுபவர் காசிம் காக்கா. "மூணு வள்ளத்தையும் கூட்டிட்டு வாங்க. காத்து மாறினா, எங்கே இருந்தாலும் திரும்பிடணும். இது உத்தரவு" என்றார். நானும் போக வேண்டும் என்றார். காசிம் காக்கா சுக்கானைப் பிடிக்க, கூப்பிட ஒரு ஆள் வேண்டும். திருப்பிச் சொன்னேன்.

"இவரு கொரலு கடையில எனக்கே எட்டாது. கடல்ல யாருக்கு எட்டும்?" என்றாள் சலோமி. அப்போது அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கூண்டுல ஒண்ணக் கையில கொண்டு போங்க அண்ணாச்சி. நடுக்கடல்ல எவனாச்சும் கூண்டு காயப்போடுவானா?"

கேப்டன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கொட்டகையிலிருந்து பீப்பாய்க் கூண்டு ஒன்றை எடுத்து நீளக் கழியில் கட்டினேன்.

முதல் வள்ளத்தை நெருங்கியபோது அதிலிருந்த ஒருவன் எழுந்து நின்று சிரித்தான். "ஏலே, இங்க பாருங்கடே, கூண்டு கடலுக்கே வந்துட்டு!" பக்கத்தில் போகப் போக அவன் சிரிப்பு குறைந்தது. நான் ஒன்றும் கத்தவில்லை. கழியை மட்டும் நிமிர்த்திப் பிடித்தேன். தண்ணீருக்குள் இருந்தவர்களைக் கயிறு இழுத்து மேலே வரவழைத்தார்கள். நங்கூரத்தைத் தூக்கினார்கள். ரெண்டாவது வள்ளத்திலும் அப்படியே. கேள்வி கேட்கவே இல்லை. ஒரே ஒரு கிழவர் மட்டும், "அங்கன மரத்துல தொங்குறது காயுறது இல்லியா?" என்றார். இல்லை என்று கையால் காட்டினேன்.

மிக்கேலின் வள்ளம் வெகுதூரம் கிழக்கே தள்ளி நின்றது. காற்று அப்போதும் இல்லை. ஆனால் அலை நீளம் நீளமாக வந்தது. கிழக்கே வானம் அடியிலிருந்து கறுத்துக்கொண்டிருந்தது. "சொடல, தண்ணி நெறம் மாறுது" என்றார் காசிம் காக்கா. ஆனாலும் லாஞ்சை நேராகத்தான் விட்டார்.

மிக்கேல் பின்பக்கம் நின்றிருந்தார். கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்தார். நான் கழியை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினேன். அவர் கூண்டைப் பார்த்தார். அப்புறம் கொடிமரத்தின் பக்கம் திரும்பினார். மறுபடியும் கூண்டைப் பார்த்தார். உடனே ரெண்டு கையையும் ஆட்டி ஆட்களிடம் ஏதோ சொன்னார். வள்ளத்தின் ஓரத்தில் ஒரு தலை மேலே வந்தது, அவனைக் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். பாய் ஏறத் தொடங்கியது.

அப்போது காற்று வந்தது. வடக்கிலிருந்து ஒரே அடியாக, மழையையும் சேர்த்துக்கொண்டு. லாஞ்சு சாய்ந்தது. கழி முறிந்து கூண்டு தண்ணீரில் விழுந்து உருண்டுகொண்டே போனது. காசிம் காக்கா சுக்கானைத் திருப்பினார்.

"காக்கா, இன்னும் கொஞ்சம்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"பின்னால ரெண்டு வள்ளம் தள்ளாடிக்கிட்டு நிக்கி. அதுக்கு வடம் போட்டு இழுக்கணும். அங்கிட்டுப் போனா மூணும் போயிரும்டா" என்று கத்தினார். அவர் அழுதார். மழையிலும் அது தெரிந்தது.

மழை திரை மாதிரி இறங்கியது. பாய் பாதி ஏறியிருந்தபோது மிக்கேலின் வள்ளத்தைக் கடைசியாகப் பார்த்தேன்.

ரெண்டு வள்ளங்களையும் கரை சேர்த்தோம். பாலத்தில் சலோமி நின்றாள். வள்ளங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கண்டாவளா?"

"கண்டாரு."

"கூண்டத்தானே?"

"கூண்டத்தான். உடனே பாய் ஏத்தச் சொன்னாரு."

அன்று கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களைக் கேப்டன் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் போகச் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. பங்குச் சாமியார் மாதா கோவிலைத் திறந்துவிட்டார். ஊருக்குள் கூரைகள் போயின, ஆள் சேதம் இல்லை. அது பெரிய புயலும் இல்லை. மற்ற ஊர்களில் அதை நினைவு வைத்திருக்கிறவர்கள் குறைவு.

காற்று நின்ற பிறகு ஆட்கள் வள்ளங்களில் தேடப் போனார்கள். தெற்கே கரையில் பலகைகள் ஒதுங்கின. மிக்கேலின் வள்ளத்தில் இருந்தவர்களில் ஒருவனின் உடல் கிடைத்தது. மற்றவர்கள் கிடைக்கவில்லை. மிக்கேலும் கிடைக்கவில்லை.

கம்பியைச் சரிசெய்ததும் தந்திகள் மொத்தமாக வந்தன. நாலாம் எண் ஏற்றவும் என்று ஒன்று. அதற்கு மேல் எண் ஏற்றவும் என்று ஒன்று. எல்லாவற்றையும் இறக்கவும் என்று கடைசியாக ஒன்று. கேப்டன் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கொடிமரத்தடியில் சலோமி உட்கார்ந்திருந்தாள்.

"எறக்காதீயய்யா" என்றாள். "அவிய இன்னும் வரல. நீங்க எறக்கிட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஆயிருமே. தேடப் போனவனும் திரும்பிருவானே."

கேப்டன் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, "கேக்கலய்யா" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். "இறக்கு."

திருப்பிச் சொன்னேன். இறக்கினோம். கூண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெயில் வந்திருந்தது. பிச்சையா அண்ணாச்சி பழக்கத்தில் கூண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து வடத்தின் நுனியைக் கையில் எடுத்தார். சலோமி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வடத்தைக் கீழே விட்டார். கூண்டுகளைத் தோளில் வைத்துக் கொட்டகைக்குள் கொண்டு போனோம். அங்கே காயாது என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் துறையில் கித்தான் வருஷா வருஷம் மட்கியது. புதுக் கித்தான் கேட்டுப் போகும்போதெல்லாம் கேப்டன் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றது, மத்தியானத்தில் அந்தச் சைரனை ஊத வேண்டாம் என்று சொல்லத்தான். துருப்பிடித்தால் பிடிக்கட்டும்.